எண்பத்தெட்டாம் பக்கத்து ஓரம்

முன்பணம் அறுநூறு வெள்ளி.
மிச்சம் அறுநூறு, வேலை முடிந்த பிறகு.
ரசீது எழுதிக் கொடுத்தார் புஷ்பலீலா.
ஜெலுத்தோங் அடுக்குமாடி, ஒன்பதாவது மாடி,
மின்தூக்கி எட்டோடு நின்றுவிட்டது.

என்னைவிடப் பதினாறு வயது இளையவர்.
மேசையில் மகனின் வாய்ப்பாடு, பாதி கடித்த கறிபாப்,
பக்கத்தில் என் நாவல்:
பதினோரு வருடம், நானூற்றுப் பன்னிரண்டு தாள்.
இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் என்று
தூக்கும்போதே கை சொல்லிவிட்டது.
பிறையில் பழைய இரும்புக் கடையில்
தராசுக்காரனாக இருந்தவன் நான்.
நாவலும் அந்தக் கடையைப் பற்றித்தான்.

அந்தக் காசுக்கு மோட்டார் டயர் இரண்டையும் மாற்றலாம்
என்றாள் மனைவி.
உண்மைதான், பின் டயர் வழுக்கையாகத்தான் இருந்தது.

ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தது, பச்சை மையில்.
‘மிகவும்’ இருநூற்றுப் பதினான்கு இடங்களில் போயிருந்தது.
‘அழுதுக்கொண்டே’ வந்த இடமெல்லாம்
‘க்’கின் மேல் ஒரு வெட்டு.
முதல் வெட்டுக்கு மட்டும் விளக்கம்:
இங்கே ஒற்று மிகாது. அழுகையும் மிக வேண்டாம்.

செண்பகம் நாற்பத்தோராம் பக்கத்தில் கர்ப்பம்.
அதற்குப் பிறகு தீபாவளி இரண்டு முறை வந்துவிட்டது,
இன்னும் பெறவில்லை.
பாவம், சீக்கிரம் இறக்கி வையுங்கள்.

‘பசியாறினார்கள்’ என்ற சொல்லின் கீழே
சின்னதாக ஒரு சரி.
சென்னையில் அச்சடிப்பவர்கள் கேட்டாலும் மாற்றாதீர்கள்.
அந்த ஒரு சரிக்காகப் படகுத்துறையில்
இரண்டு தே ஓ வாங்கிக் குடித்தேன்.

மற்றதற்கெல்லாம் கோபம்.
ஏழாம் அத்தியாயத்தில் ஆறு பக்க மழை,
மேலிருந்து கீழே ஒரே கோடு.
மழை எல்லாருக்கும் தெரியும்.
என் மழை தெரியுமா என்று
படகு இரைச்சலில் யாருக்கும் கேட்காமல் கத்தினேன்.
செம்புக் கம்பி மூட்டைக்குள் கையை விட்டு
ரப்பரையும் ஒளித்த கல்லையும் எடுத்து வீசி
அப்புறம் எடை போட்டவன்தான் நானும்.
மூட்டைக்காரர்கள் என்னை என்னவெல்லாம் திட்டினார்கள்.

பிறகு எண்பத்தெட்டாம் பக்கம்.
திருத்தம் ஏதுமில்லை. ஓரத்தில் ஒரு கேள்வி:

தவ்கே இருநூறு பக்கத்துக்கு வருகிறார்.
அடிக்கிறார், கூலியைப் பிடிக்கிறார், காறித் துப்புகிறார்.
லோரிக்காரரின் நாய்க்குக்கூட ஜிம்மி என்று பெயர் இருக்கிறது.
இவருக்கு ஏன் இல்லை?

தெரியாது.
ஒன்பது வருடம் அவர் கையால் சம்பளம் வாங்கினேன்.
தவ்கே என்றால் திரும்பினார், அது போதுமாக இருந்தது.
அவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
அதை மட்டும் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன்.

ராயப்பனைத் தொலைபேசியில் பிடித்தேன்.
ராத்திரி பதினோரு மணி, தூக்கத்திலேயே சிரித்தான்.
கல்லாவுக்கு மேலே லைசென்ஸ் மாட்டியிருக்குமே,
தினம் அதன் கீழேதானே நின்றாய்?
ஊய் கியாட் சின்.

எழுதிச் சேர்த்தேன்.
அதன் பிறகு அவர் நான் சொன்னபடி கேட்கவில்லை.
முந்நூற்று ஆறாம் பக்கத்தில் கம்பியை ஓங்கியவர்
ஓங்கியபடியே நிற்கிறார்.
அடித்தால் அவர் பொய்யாகிறார்.
அடிக்காவிட்டால்
என் முதுகில் இருப்பது பொய்யாகிறது.

என்ன செய்வது என்று புஷ்பலீலாவுக்குச் செய்தி அனுப்பினேன்.
பதில் வந்தது:
அது என் வேலை இல்லை, அண்ணா.
மிச்சப் பணம் வெள்ளிக்கிழமை கொண்டுவாருங்கள்.
மின்தூக்கி சரியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை. படகு கிளம்பியாயிற்று.
சட்டைப் பையில் அறுநூறு.
மடியில் முந்நூற்று ஆறாம் பக்கம்,
காற்றுக்குப் பறக்காமல் மேலே ஹெல்மெட்.
பென்சில் முனை உடைந்துவிட்டது.
எதிரே உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பெண்ணிடம்
ஷார்ப்னர் கேட்டேன், கொடுத்தாள்.
சீவுகிறேன்,
தேவைக்கு மேலேயே.